பூட்டு உடையவில்லை

மார்ச் 4, செவ்வாய்

புது லோடு இறங்கியது. எல்லாம் லாரி டயர், பெரிய சைஸ், பாங்க் கடனில் எடுத்தது. இறக்கி அடுக்கி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. இடுப்பு விட்டுப் போச்சு. லோடு கொண்டுவந்த டிரைவர் என்னிடமே வந்து, "முதலாளி இல்லையாம்மா?" என்று கேட்டார். "இருக்காரு, டயர் உருட்டிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டு உருட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வால்வு சிரித்துவிட்டான். அது அபூர்வம். டியூப் வால்வு மூடியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். என் கடையின் ஒரே ஃபிட்டர். கடை திறந்த அன்றைக்குச் சேர்ந்தவன். பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. நான் வர நேரமானால் கடை திறக்கவேண்டும் என்று ஒரு செட் சாவி அவனிடம் இருக்கிறது.

அண்ணன் சாயங்காலம் வந்து அடுக்கைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சரக்கு இப்போ எதுக்கு?" என்று ஆரம்பித்தார். கடையில் பாதி அவருடையது. பணம் போட்டார், உழைப்பு என்னுடையது. பஸ் கம்பெனி ஆர்டர் வருகிறது என்றேன். "வந்தா சரி" என்றார். அந்த 'வந்தா' இருக்கிறதே, அதை அவர் சொல்கிற விதமே தனி.

மார்ச் 6, வியாழன்

பஸ் கம்பெனி ஆர்டர் உறுதி. 'வந்தா' வந்தாச்சு அண்ணே.

மார்ச் 8, சனி

இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் வந்தார். பத்து லாரி ஓட்டுகிறாராம், எல்லாவற்றுக்கும் டயர் மாற்ற வேண்டுமாம். விலையெல்லாம் கேட்டார். கையில் போன், காதில் போன். அண்ணனுக்கு அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. காற்று வரட்டும் என்று ஷட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்து டீ வாங்கிவரச் சொன்னார். "பாத்தியா, இப்படி நாலு பேர் வந்தா போதும், நீ உருட்ட வேண்டியதே இல்லை."

மனிதர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திங்கள் வருகிறேன் என்று போனார். நாளை விடுமுறை. நான் தூங்கப் போகிறேன், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே சாவி படுத்தியது. இடது பூட்டுக்கு இடது சாவி நுழையவில்லை. மாற்றிப் போட்டேன், திறந்தது. நேற்று ரொம்பத் தூங்கியதில் புத்தி மந்தமாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு ஷட்டரைத் தூக்கினேன்.

காலி.

லாரி டயர் அடுக்கு இருந்த இடத்தில் தரை தெரிந்தது. கார் டயரை விட்டுவிட்டான், பைக் டயரை விட்டுவிட்டான், பெரிசை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கான். விலை தெரிஞ்சவன். வால்வு உள்ளே வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். வால்வு மூடி வாயிலிருந்து விழுந்தது, அவன் எடுக்கவில்லை.

எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து, "நேத்து சாயங்காலம் லாரி நின்னுச்சே, நீங்கதான் பஸ் கம்பெனிக்கு லோடு ஏத்தறீங்கன்னு நெனச்சேன்" என்கிறார். வெளிச்சத்தில். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது. டயர்க்கடையிலிருந்து டயர் போனால் யார் கேட்பார்கள்? ஏற்றியவர்கள் புது ஆட்கள், கூலிக்கு வந்தவர்கள் என்று நினைத்தாராம்.

கேமரா வைக்கலாம் என்று போன வருஷம் சொன்னேன். வீண் செலவு என்றார் அண்ணன். இன்றைக்கு அதை அவரிடம் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்டேஷனில் புகார் கொடுத்தாச்சு. பூட்டு உடையவில்லை, ஷட்டர் வளையவில்லை. "சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். என்னிடம் ஒன்று, வால்விடம் ஒன்று. அதைச் சொன்னதும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "கவலையே படாதீங்க அக்கா, திருட்டுக்கு ஃபுல் கவர், நான் இருக்கேன்ல" என்றான். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டேதான் பேசுவான், போனிலேயே பல் தெரியும். எப்படியோ, மூச்சு வந்தது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டும்போது வயிறு எரியும். இன்றைக்கு எரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். வயதானவர், களைத்த முகம், தோளில் பை. நஷ்டத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஷட்டரைத் தடவித் தடவிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பின்சுவரைத் தட்டினார்.

"பூட்டுல வெட்டு ஏதாவது?"

"இல்லை."

"நெம்பின தடம்? கீறல்?"

"இல்லை."

அவருக்கே ஏமாற்றமாக இருந்தது போல. நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "உங்க பாலிசியில திருட்டுன்னா உடைச்சு வரணும்மா. பலாத்காரமா உள்ளே வந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியணும். இல்லேன்னா அந்தப் பிரிவுல காசு வராது."

"அப்போ முட்டாள் திருடன் வந்தாத்தான் காசு. கெட்டிக்காரன் வந்தா நாமம். அப்படித்தானே?"

சிரித்துவிட்டார். "பாலிசியை நான் எழுதலைம்மா" என்றார். யாரைக் கேட்டாலும் இதையே சொல்கிறார்கள். அப்போ யார்தான் எழுதினாங்க? தானா முளைச்சதா?

மார்ச் 15, சனி

வீட்டுக்காரரும் நானும் பாலிசியைப் படித்தோம். இவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் பூ வரைவார். பாலிசியிலும் வரைந்துவிட்டார், திட்டினேன்.

இத்தனை வருஷம் பணம் கட்டிவிட்டு இன்றைக்குத்தான் பிரித்துப் பார்க்கிறேன். என்னைச் சொல்லணும். கள்ளக் கையெழுத்துப் போட்டு யாராவது என் செக்கை மாற்றினால் கவர் உண்டு. கடைப் பணத்தைப் பாங்குக்கு எடுத்துப் போகும்போது வழியில் பறித்தால் உண்டு. உடைத்து வந்து எடுத்தால் உண்டு. வேலைக்கு இருப்பவரே எடுத்தால் அதற்குத் தனிப் பிரிவு, அதுவும் உண்டு. ஓசைப்படாமல் திறந்து, ஓசைப்படாமல் மூடிவிட்டுப் போனால்? அதற்கு ஒரு வரி இல்லை. ஸ்டாக் குறைகிறது என்று கணக்கைக் காட்டினால் மட்டும் போதாது என்றும் எழுதியிருக்கிறது, பொடி எழுத்தில்.

"இத்தனை பொடியா எழுதினா எப்படிப் படிக்கிறது?" என்றேன்.

"படிக்கக் கூடாதுன்னுதானே எழுதறாங்க" என்றார் இவர், அடுத்த பூவை ஆரம்பித்தபடி.

மார்ச் 17, திங்கள்

பேனாவை அழுத்துற அழுத்துல காகிதம் கிழியுது. பரவாயில்லை.

சர்வேயர் மறுபடி வந்தார். வால்வு பின்னால் ஒரு வேனுக்குச் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வேலைக்காரர் எடுத்தால் என்கிற பிரிவில் கிளெய்ம் போடலாமாம். உடைத்த அடையாளம் தேவையில்லையாம். "ஆனா ஆளைக் காட்டணும். யாரோ எடுத்திருப்பாங்கன்னு சொன்னா செல்லாது. பேர் போட்டு ஸ்டேஷன்ல புகார் கொடுத்திருக்கணும், உங்க வாக்குமூலத்துல கையெழுத்து இருக்கணும்."

"யாரைக் காட்டச் சொல்றீங்க?"

பின்பக்கம் பார்த்தார்.

"அவனா?"

"நான் யாரையும் சொல்லலைம்மா. சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கு. நீங்க முதலாளி. மீதி யாரு? பாலிசி அப்படித்தான் கேக்கும்."

"அவன் எடுக்கலை."

"எடுக்கலைன்னா இந்தப் பிரிவும் இல்லை. யோசிங்க."

எழுந்து, "யோசிக்க ஒண்ணும் இல்லை, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றேன். குடிக்காமல் போனார். போகும்போது அவர் முகத்தில் ஏதோ வெட்கம் மாதிரி. எனக்கு அந்த வெட்கத்தால் ஆகப்போவது என்ன?

நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. திருடினவனைப் பிடிக்கத் துப்பில்லை, இருக்கிறவனைத் திருடனாக்க ஒரு பிரிவு வச்சிருக்காங்க.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனுக்கு யார் சொன்னார்களோ. ஏஜெண்ட்தான், வேறு யார். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கையெழுத்துப் போட்டா முழுசா வருது. ஏன் அடம் பிடிக்கிற?"

"அவன் எடுக்கலை அண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்? கூடவே இருந்தியா?"

"பதினஞ்சு வருஷமா கூடவேதான் இருக்கேன்."

"சந்தேகம்னு எழுது. சந்தேகப்படறேன்னு சொல்றது பொய்யா? போலீஸ் விசாரிக்கட்டும், ஒண்ணும் இல்லேன்னா விட்டுடுவாங்க."

விட்டுடுவாங்களாம். அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு விடுவார்கள். தெருவில் அவன் பெண்டாட்டி தண்ணீர் பிடிக்கப் போனால் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை நகர்த்திக்கொள்வாள். அதையும் போலீஸ் வந்து விட்டுடச் சொல்லுமா? கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

அண்ணன் கடைசியாகச் சொன்னார்: "என் பங்கு சும்மா வரலை. முப்பது வருஷம் ஆபீசுல குனிஞ்சு சம்பாதிச்சது. கையெழுத்துப் போடு, இல்லேன்னா என் பணத்தை எடுத்து வை. பாங்க் கடனுக்கும் நீயே பதில் சொல்லிக்கோ."

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதுதான் எரிச்சல். முழுசா அநியாயமா பேசியிருந்தா நிம்மதியா சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 19, புதன்

போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரே நிமிடம். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மார்ச் 20, வியாழன்

வால்வு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கடையைப் பாதியில் மூடிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, வாசலிலேயே அடுப்பு. அவன் மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. எப்போதும் "வாங்கக்கா" என்று ஓடிவருவாள். இன்றைக்கு "உள்ளே இருக்காரு" என்று மட்டும் சொன்னாள், துணியைப் பார்த்துக்கொண்டே.

வால்வு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயில் மூடி இல்லை. முகமே வேறு யாருடையதோ போல இருந்தது.

"உங்க அண்ணன் வந்தாரு. பேரைக் கொடுக்கப் போறோம், ஒத்துக்கிட்டா வக்கீல் வச்சுத் தர்றோம்னாரு. செய்யாததை ஒத்துக்க வக்கீல் எதுக்குக்கா?"

அண்ணன் இவ்வளவு தூரம் போவார் என்று நினைக்கவில்லை.

"நான் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

"அது தெரியும். ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க யோசிச்சீங்களா இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு நிமிஷம் யோசிச்சேன்" என்றேன்.

மிஷின் சத்தம் நின்றது. பிறகு சாவிக் கொத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். "இதை எடுத்துட்டுப் போங்க. இது என்கிட்ட இருக்கறவரைக்கும் நான் திருடன்தான்."

"எடுக்க மாட்டேன். இருக்கட்டும். எவன் என்ன சொல்றான்னு பாக்கறேன்." சாவியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை. அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன், சிக்னலில் ஒருத்தன் முறைத்தான், திருப்பி முறைத்தேன்.

மார்ச் 22, சனி

இன்றைக்கு ஒன்று பிடிபட்டது. வரிசையாக எழுதுகிறேன், பிறகு குழம்பக் கூடாது.

வழக்கமாகக் கடை மூடும்போது ஷட்டரை நான் இழுப்பேன், பூட்டை வால்வு மாட்டுவான். இன்று அவன் இல்லாததால் நானே குனிந்து மாட்டினேன். ஷட்டரின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பூட்டு. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், சாவி தேவையில்லை, திறக்கத்தான் சாவி. காலையில் திறந்ததும் பூட்டைத் திறந்தபடியே அந்தந்தக் கொக்கியில் தொங்கவிட்டுவிடுவோம், நாளெல்லாம் அங்கேயே தொங்கும். நாங்கள் மட்டும் இல்லை, இந்தத் தெருவில் எல்லாக் கடையும் அப்படித்தான். யார் அதைப் பார்க்கிறார்கள்?

வலது கொக்கி கொஞ்சம் வளைந்தது. ஒல்லி வளையம் உள்ள பூட்டுதான் அதில் சுலபமாக நுழையும். தடியானது இடது பக்கம். எனக்கும் வால்வுக்கும் கை தானாகவே போகும், கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவோம். இன்று ஒல்லியை வலது பக்கம் மாட்டும்போதுதான் பொறி தட்டியது. அந்தத் திங்கட்கிழமை சாவி மாறிப் போனதே. புத்தி மந்தம் என்று என்னைத் திட்டிக்கொண்டேனே. புத்தி சரியாகத்தான் இருந்தது. பூட்டுகள்தான் இடம் மாறியிருந்தன. தடிப் பூட்டை வலது கொக்கியில் யாரோ திணித்து மாட்டியிருக்கிறார்கள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் மூடியது எங்கள் பூட்டை வைத்தே இல்லை. எவனோ பகலில் தொங்கிய பூட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி பழசாய் இரண்டைத் தொங்கவிட்டிருக்கிறான். அவன் பூட்டை நாங்களே அழுத்திப் பூட்டிக் கொடுத்தோம். ஞாயிறு வந்து அவன் சாவியால் ஜம்மென்று திறந்து, ஏற்றிக்கொண்டு, எங்கள் பூட்டுகளைத் திருப்பி மாட்டினான். எது எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. வெளியாள்.

இவரிடம் சொன்னேன். பாலிசி ஓரத்தில் இரண்டு பூட்டு வரைந்து பார்த்துவிட்டு, "இவன் என் கிளாசுல படிச்சிருந்தா முதல் மார்க் போட்டிருப்பேன்" என்றார். சிரிப்பு வந்தது. எத்தனை நாள் கழித்து.

மார்ச் 24, திங்கள்

சர்வேயருக்குப் போன் செய்து சொன்னேன். "உங்க ஊகம் அது. சாட்சி வேணும்மா" என்றார். சரி, சாட்சிதானே. தெரு முழுக்க ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். "அண்ணே, உங்க பூட்டு எப்பவாவது மக்கர் பண்ணுச்சா?" பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

பேட்டரிக்கடைக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன மாசம் ஒரு நாள் காலையில சாவியே நுழையலைம்மா. துரு பிடிச்சுப் போச்சுன்னு சுத்தியால ஒரே போடு போட்டு உடைச்சேன்."

"எங்க அது?"

பழைய இரும்புப் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். கிடைத்தது. திருப்பிப் பார்த்தவர் முகம் மாறியது. "இது என் பூட்டே இல்லையே. என்னுதுல அடியில என் கடைப் பேர் கொத்தியிருக்கும்." அவர் கடையில் எதுவும் போகவில்லை, திருடன் வரவில்லை. முந்தின ராத்திரி தெருமுனையில் ஒரு விபத்து, போலீஸ் நடமாட்டம். வர முடியாமல் போயிருக்கும். பூட்டை மட்டும் விட்டுப் போயிருக்கிறான்.

பிறகு அவரே மெதுவாகக் கேட்டார்: "இஸ்திரி சட்டைக்காரர் ஒருத்தர் உங்க கடைக்கும் வந்தாரா? கையில போன், காதுல போன்? இங்க அம்பது பேட்டரி வேணும்னு விலை கேட்டு, இதோ இந்த வாசல்லதான் உக்காந்திருந்தாரு."

அண்ணன் போட்ட நாற்காலி. அண்ணன் வாங்கிக் கொடுத்த டீ.

இரண்டு பேரும் அந்தப் பூட்டோடு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் இந்த முறை பேனாவை நிறுத்தவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். வெளியாள் வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். நேராக வால்வு வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தை அவன் மனைவி கையில் கொடுத்தேன். அவளுக்குத்தான் முதலில் தெரியவேண்டும். படித்துவிட்டு, "உக்காருங்கக்கா" என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

சர்வேயர் வந்தார். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"கெட்டிக்காரத்தனம்தான்மா. ஆனா இதைக் கொடுத்தீங்கன்னா உங்க கிளெய்ம் செத்துடுச்சு. தெரியுமா? உடைக்கலை, அதனால முதல் பிரிவு இல்லை. வேலையாள் எடுக்கலை, அதனால அடுத்ததும் இல்லை. இதை எனக்குக் காட்டாம இருந்திருந்தா..."

"இருந்திருந்தா?"

காகிதத்தை மடித்தார்.

"ஃபைல்ல வைங்க" என்றேன். "மேல வைங்க, முதல் பக்கமா. யார் பிரிச்சாலும் அவன் எடுக்கலைன்னு முதல்ல படிக்கணும்."

இன்று டீ குடித்துவிட்டுப் போனார்.

வால்வு மதியம் வந்தான். ஜாக்கியை எடுத்துக்கொண்டு நின்றிருந்த லாரிக்குக் கீழே போய்விட்டான். சாயங்காலம் பூட்டை மாட்டப் போனபோது, "இனிமே பூட்டு உள்ளே, ஆணியில" என்றான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. நாகரிகமான மொழியில், இரண்டு பக்கத்துக்கு. வருந்துகிறார்களாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மேல்முறையீடு எழுதி அனுப்பினேன். தோற்பேன் என்று தெரியும். திறமையான திருடனுக்கு எதிராக ஒரு கடைக்காரர் எதை வாங்கியிருக்க வேண்டும், அதை ஏன் உங்கள் ஆள் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறேன். பதில் எழுதும் ஆள் ஒரு நாளாவது தலையைச் சொறியட்டும்.

ஏப்ரல் 16, புதன்

இஸ்திரி சட்டை மாட்டிக்கொண்டான். வேறு தெருவில், பெயின்ட் கடையில். காரில் கோணிப்பை நிறையப் பூட்டாம். எல்லாக் கம்பெனியும், எல்லா சைஸும், பழசும் புதுசும். நம் கடை டயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எப்போதோ விற்றுவிட்டான். அடையாளம் காட்டப் போனேன். என்னைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்றான் படவா. பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. இன்ஸ்பெக்டரே திரும்பிக்கொண்டார்.

அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நல்ல குடும்பத்துப் பையன் மாதிரி இருந்தான்" என்றார்.

"வால்வும் நல்ல குடும்பத்துப் பையன்தான் அண்ணே" என்று வைத்துவிட்டேன்.

மே 12, திங்கள்

மேல்முறையீடும் போச்சு. பஸ் கம்பெனி ஆர்டர் எப்போதோ போச்சு. அண்ணன் பங்கைப் பிரித்துக்கொள்கிறேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "எனக்கு வயசாச்சும்மா, இந்தப் பயமெல்லாம் தாங்காது" என்றார். வால்வைப் பார்க்க முடியவில்லை அவருக்கு, அதுவும் ஒன்று. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது அண்ணனுக்கு வராது. எங்கள் வீட்டில் யாருக்குமே வராது, எனக்கும்தான்.

கடையில் பாதியைப் பேட்டரிக்காரருக்குச் சரக்கு வைக்க வாடகைக்கு விட்டாச்சு. புது டயர் ஸ்டாக் கிடையாது. பஞ்சர், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது, நெடுஞ்சாலையில் லாரி நிற்கிற இடத்துக்கே போய் மாற்றித் தருவது. கடைசி யோசனை வால்வுடையது. வண்டியில் ஜாக்கியும் கம்ப்ரெசரும் ஏற்றிக்கொண்டு காலையில் போகிறான், கறுப்பாகத் திரும்புகிறான். லாரிக்காரர்கள் அவனைத்தான் கேட்கிறார்கள், கடைப் பேரைக் கேட்பதில்லை.

மூடிவிடு என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர், இவரும் வால்வும். மூட மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது ஓட்டுவேன். திருடனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் மாட்டி நசுங்கினாள் என்று இந்தத் தெரு பேசக் கூடாது.

மே 20, செவ்வாய்

அண்ணன் பங்கைப் பற்றி வால்விடம் பேசினேன். அவன் மனைவியும் வந்திருந்தாள், அவள்தான் கேள்வி கேட்டாள், எல்லாம் சரியான கேள்வி. நாளை பதில் சொல்கிறோம் என்று போனார்கள்.

மே 21, புதன்

சரி என்றுவிட்டார்கள். அண்ணன் பணத்தை மாதத் தவணையில் கொடுத்து அடைப்பதாகப் பேச்சு.

ஜூன் 9, திங்கள்

பாலிசி புதுப்பிக்கும் நாள். ஏஜெண்ட் தம்பி வந்தான், அதே பல்லோடு. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டே எடுத்து வந்திருந்தான். "இங்க, இங்க, அப்புறம் இங்க அக்கா" என்றான்.

"உக்காரு தம்பி. முதல் வரியிலேருந்து படி."

"எல்லாமேவா?"

"எல்லாமே. எனக்கு இன்னைக்கு வேற வேலை இல்லை."

படித்தான். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினேன். உடைக்காமல் வந்தால்? பூட்டை மாற்றினால்? கள்ளச் சாவி போட்டால்? கூடுதல் பிரீமியம் கட்டினால் உடைத்த அடையாளம் இல்லாத திருட்டுக்கும் கவர் உண்டு என்று ஒரு வரி அவன் பையிலேயே இருந்தது. இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. "நீங்க கேக்கலையேக்கா" என்றான். அவனையே பார்த்தேன். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். கேமராவுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். உண்டாம், போட்டுக்கொண்டான்.

அடுத்தது வேலையாட்கள் பிரிவு. புதிதாக பஞ்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்ணின் பெயரைச் சொன்னேன், எழுதினான். பிறகு அவனாகவே வால்வின் பெயரை எழுத ஆரம்பித்தான்.

"அது வேண்டாம், அடிச்சுடு" என்றேன். "போன மாசத்துலேருந்து அவன் பார்ட்னர்."

பேனா நின்றது. திரும்பிப் பார்த்தான். வால்வு பின்னால் லாரிச் சக்கரத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். ஏஜெண்ட் குரலைத் தாழ்த்தினான், அன்றைக்கு சர்வேயர் தாழ்த்திய மாதிரியே.

"அக்கா, பார்ட்னர்னா அவரும் முதலாளி ஆயிடுவாரு. நாளைக்கு அவரே சரக்கைத் தூக்கினாலும் கம்பெனி ஒரு பைசா தராது. எந்தப் பிரிவுலயும் வராது. நல்லா யோசிச்சுக்கோங்க."

"தெரியும். படிச்சுட்டேன். பக்கத்தைத் திருப்பு."

திருப்பினான். காப்பீடு பெறுபவர்கள் என்று போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வால்வைக் கூப்பிட்டேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, வாயிலிருந்த மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, எனக்குக் கீழே அவனும் போட்டான்.